பிடி சார்

காக்ஸ்டவுன் கோயிலில்
காலை ஏழு மணித் தமிழ் ஆராதனை.
போன லெந்து நாட்களில்
முழங்கால் பலகைகளை எடுத்துவிட்டார்கள்.
மூட்டுவலிக்காரர்கள் மனம் நோகக் கூடாதாம்.
நானும் மூட்டுவலிக்காரன்தான்.
என்னைக் கேட்கவில்லை.

திரையில் ஓடும் புதிய ஒழுங்கில்
‘பாவிகளாகிய நாங்கள்’ என்ற வரி
‘பயணிகளாகிய நாங்கள்’ ஆகியிருந்தது.
பையப்பனஹள்ளி மெட்ரோவிலும்
என்னை அப்படித்தான் அழைக்கிறார்கள்,
கதவை விட்டு விலகி நிற்கச் சொல்லி.
அங்கே கதவாவது மூடுகிறது.

குறை சொல்ல எனக்கு அருகதை உண்டா, தெரியாது.
முப்பத்தொரு வருடம்
குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவன்.
பெயரை மாற்றினால் குற்றம் கரையும் என்பதைக்
கோயிலுக்கு முன்பே
அலுவலகம் கற்றுக்கொண்டது.
நான் சேர்ந்தபோது அது திருட்டு இணைப்பு.
பிறகு அனுமதியற்ற இணைப்பு.
ஓய்வு பெற்ற ஆண்டு
முறைப்படுத்தக் காத்திருக்கும் இணைப்பு,
ஏதோ வரன் பார்த்து வைத்திருப்பது போல.
அபராதம் தள்ளுபடி. வட்டி தள்ளுபடி.
ஆறாவது குறுக்குத் தெரு மரியப்பா
தையல் மெஷினை அடகு வைத்துப் பாக்கியைக் கட்டியவர்.
அறிவிப்பு வந்த அன்று
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
அதைச் சிரிப்பு என்று சொல்ல
எனக்கு மனம் வரவில்லை.

இனி என் கணக்கு.

தொண்ணூற்றேழு, ஏப்ரல்.
லிங்கராஜபுரத்தில் ஒரு மூன்று மாடி வீடு.
மீட்டருக்கு முன்னால்
மண்ணுக்கடியில் கிளைக்குழாய்.
பார்த்தேன்.
புத்தகத்தில் ‘சரி’ என்று எழுதினேன்.
நாலாயிரம்.
அதே குழாயின் கடைசியில், பள்ளத்தில்,
ஃபாத்திமுன்னிசா என்றொருத்தி
இரவு மூன்று மணிக்குக் குடங்களை வரிசை வைத்திருந்தாள.
குழாய் இருமியது. காற்றுதான் வந்தது.
மறுநாள் என்னிடமே
புகார் எழுதிக் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

ஆயர் ஷெல்டன் ஞானதீபத்திடம் இதைச் சொன்னேன்.
நல்ல பிள்ளை, கித்தார் வாசிப்பார்.
கண்ணை மூடிக் கேட்டார்.
‘ஐயா, உங்களை நீங்களே இப்படி வருத்திக்கலாமா?
அன்றைக்குச் சூழல் அப்படி, அமைப்பு அப்படி.’
தோளைத் தட்டினார்.
காபி குடித்தோம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

வாரியத்துக்குப் போனேன்,
வட்டியோடு கணக்குப் போட்டு எழுதிய காசோலையுடன்.
கவுண்டரில் சைத்ரா என்ற பெண்
கணினியில் நெடுநேரம் தேடினாள்.
இதை வரவு வைக்கத் தலைப்பே இல்லை.
அந்த வருடத்துக் கணக்கெல்லாம் எப்போதோ தள்ளுபடி.
‘பிடி சார்’ என்றாள், பரிவாக.
கன்னடத்தில் அதற்கு, விட்டுவிடுங்கள்.
என் மொழியில் அதற்கு, விடாதே.

இரண்டு இடத்திலும் ஒருவர்கூடத் திட்டவில்லை.
கனிவானவர்கள்.
அந்தக் கனிவாலேயே என்னை
வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள்.
குற்றவாளி என்று யாரும் சொல்லாதபோது
மன்னித்தேன் என்று யார் சொல்வது?
ஃபாத்திமுன்னிசாவின் காலிக் குடங்களும்
தள்ளுபடி ஆகிவிட்டனவா என்று
எந்தக் கவுண்டரில் கேட்பது?
கண்டிக்கக் கூசும் சபையும்
தண்டிக்கத் தயங்கும் சர்க்காரும்
தங்களிடம் இருப்பது அன்பு என்கிறார்கள்.
எனக்கு அது
களைப்பு மாதிரித் தெரிகிறது.

நேற்று ஞாயிறு.
பாவ அறிக்கை இருந்த இடத்தில் ஒரு நிமிட மௌனம்.
நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டுக்கு நடுவே
வெறும் மொசைக் தரையில்
முதலில் வலது மூட்டு,
முனகலுக்குப் பிறகு இடது.

‘கண்ணாடி விழுந்துருச்சா அங்கிள்?’
பக்கத்து நாற்காலிப் பையன்
கிசுகிசுத்துக்கொண்டே போனில் விளக்கைப் போட்டான்.
பதிலுக்குக் காத்திராமல்
அவனும் முட்டி போட்டுத்
தேட ஆரம்பித்தான்.

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.
நான் சொல்லவில்லை.